சாட்சிக்கூண்டில் ஏஐ: ஆய்வு முறையியலைக் கதை விளையாட்டாக நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வை எப்படிச் செய்வது என்று சொல்லித்தரும் ஆய்வு முறையியல் பாடம் நடத்துகிறவன் நான். கொஞ்ச காலமாக அதைக் கதை விளையாட்டாக மாற்றி, கதையின் பாத்திரங்களாக ஏஐயைப் பேசவிட்டு நடத்துகிறேன். இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். வரிசைக்கு அர்த்தம் எதுவும் கிடையாது, ஞாபகம் வந்தபடி எழுதியது.

இந்தப் பாடத்துக்குக் கதை எதற்கு? நேராக நடத்தினால் என்ன குறை?

நேராக நடத்தலாம், நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். கருதுகோள் என்றால் என்ன, மாறி எத்தனை வகை, மாதிரி எடுப்பது எத்தனை வகை என்று எழுதிப்போட்டால் மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள், தேர்விலும் பிசகாமல் எழுதுவார்கள். அதே மாணவர்கள் ஆறு மாதம் கழித்துத் தங்கள் ஆய்வுக்கு வினாநிரல் தயாரிக்கும்போது ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வியைக் கோத்து வைத்திருப்பார்கள். தெரிந்தவர்கள் இருபது பேரிடம் கொடுத்து வாங்கிவிட்டு அதற்கு 'சமவாய்ப்பு மாதிரி' (எல்லாருக்கும் ஒரே வாய்ப்புத் தந்து குலுக்கல் முறையில் ஆள் எடுப்பது) என்று பெயரும் வைத்திருப்பார்கள். வரையறை அவர்களுக்குத் தெரியும்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை, அவ்வளவுதான்.

முறையியல் ஒருவகையில் முடிவெடுக்கும் பழக்கம். யாரிடம் கேட்பது, எதை அளப்பது, எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை பாடப்புத்தகத்தில் தெரியாது. கதைக்குள் தூக்கிப் போட்டால் தெரியும். பாதித் தகவல்தான் கையில் இருக்கும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும், எடுத்த முடிவின் பலன் இரண்டு காட்சி தள்ளி அவர்கள் தலையிலேயே வந்து விழும்.

விளையாட்டாக்கம் என்றால் பாயிண்ட், பேட்ஜ், லீடர்போர்டுதானே?

அதைத்தான் நானும் முதலில் செய்தேன், கெட்டது அங்கேதான். யார் முதலில் சரியான விடையைச் சொல்கிறார்களோ அவர்களுக்குப் பாயிண்ட் என்று வைத்தேன். இரண்டாவது வாரமே எல்லாரும் ஊகிக்கப் பழகிவிட்டார்கள். ஆதாரம் தேடுவதைவிட ஊகிப்பது வேகமானது, நான் காசு கொடுத்தது வேகத்துக்கு.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: ஸ்கெட்ச் பேனாவால் படம் வரையப் பிடித்த சின்னக் குழந்தைகளிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பரிசு கொடுத்தார்கள். பிறகு தங்கள் இஷ்டத்துக்கு விளையாட விட்டபோது அந்தக் குழந்தைகள் பேனாவைத் தொடுவது குறைந்துபோனது. பரிசே சொல்லாத குழந்தைகளுக்கு அப்படிக் குறையவில்லை. பேட்ஜ் அச்சடிக்கும் முன் இதை ஒருதரம் யோசித்துக்கொள்ளுங்கள். விளையாட்டிலிருந்து நான் இப்போது எடுத்துக்கொள்வது மூன்றே மூன்று: எண்ணிக் கொடுத்த வாய்ப்புகள், மறைந்திருக்கும் தகவல், திரும்பப் பெற முடியாத முடிவு.

ஒரு விளையாட்டை முழுதாகச் சொல்லுங்களேன்.

நான் அதிகம் ஓட்டியது லண்டன் காலரா. 1854 ஆகஸ்ட் கடைசி நாளில் சோஹோ பகுதியின் பிராட் தெருவைச் சுற்றி நோய் வெடித்தது, மொத்தம் 616 பேர் இறந்தார்கள். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம் அது. தண்ணீர்மேல் சந்தேகப்பட்டவர் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். வகுப்பில் இந்தப் பெயர், ஊர், வருடம் எதையும் நான் முதலில் சொல்வதில்லை. சொன்னால் இடைவேளையில் தேடிப் பார்த்துவிட்டு வந்து நிற்பார்கள். பெயரில்லாத ஒரு வரைபடம், சாவு நடந்த வீடுகளில் கறுப்புக் கோடுகள், தெருமுனைகளில் சில தண்ணீர் பம்புகள். நான்கு பேர் ஒரு அணி. ஒரு அணிக்கு எட்டு நேர்காணல். ஒரு நேர்காணல் முடிந்தால் கதையில் ஒரு நாள் போய்விடும், பலகையில் சாவுக் கணக்கு ஏறும்.

கோடுகள் ஒரு பம்பைச் சுற்றி மொய்ப்பதை எல்லா அணியும் பார்த்துவிடும். இரண்டாம் நாளே 'பம்புதான் சார், முடிந்தது' என்பார்கள். அப்போது இரண்டு சீட்டைக் கொடுப்பேன். அந்தப் பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு மதுவடிப்பாலை, 70 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், காலராவில் ஒருவர்கூடச் சாகவில்லை. கொஞ்சம் தள்ளி ஏழைகள் காப்பகம், 535 பேர், செத்தது 5 பேர். இரண்டும் நிஜக் கணக்கு.

இங்கேதான் வகுப்பு மூன்றாகப் பிரியும். சிலர் பயந்துபோய்ப் பம்புக் கருதுகோளைக் கைவிட்டுவிடுவார்கள். சிலர் 'விதிவிலக்கு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மூன்றாவது வகை அணி மிச்சமிருக்கும் நேர்காணலில் ஒன்றைச் செலவழித்து ஆலைக்குள் போய், 'அங்கே என்ன வித்தியாசமாக இருக்கிறது' என்று கேட்கும். ஆலைத் தொழிலாளர்கள் குடித்தது பீர், போதாததற்கு உள்ளேயே தனிக் கிணறு. காப்பகத்திலும் சொந்தக் கிணறு. முரணாகத் தெரிந்தது இரண்டுமே பம்புதான் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாக மாறும் அந்த நிமிடத்தில் மாணவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஹாம்ப்ஸ்டெட் பெண்மணி. மைல்கணக்கில் தள்ளி, அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் காலரா இல்லாத இடத்தில், ஒரு விதவை இறந்துபோகிறார். அவருடைய மகனிடம் போய்க் கேட்கும் அணிக்கு மட்டும்தான் தெரியும், பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதை வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர் என்று. பல அணிகள் 'தூரத்துச் சாவு, நம் எல்லைக்குள் வராது' என்று அவரை ஒதுக்கிவிடும். ஒதுக்குவதற்கு முன் ஏன் என்று எழுதச் சொல்வேன்.

கடைசியில் பம்பின் கைப்பிடியைக் கழற்றுகிறார்கள், செப்டம்பர் 8. சாவு குறைகிறது. எல்லாரும் கைதட்டுவார்கள். அப்போது நாள்வாரிக் கணக்கை நீட்டுவேன்: கழற்றுவதற்கு முன்பே எண்ணிக்கை இறங்க ஆரம்பித்திருக்கிறது, பயந்துபோன மக்களில் பலர் ஏற்கெனவே அந்தப் பகுதியைக் காலி செய்திருக்கிறார்கள். ஸ்னோவே இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். சரி, கைப்பிடியைக் கழற்றியதால் நோய் நின்றது என்று உங்கள் அறிக்கையில் எழுதுவீர்களா? அரை மணி நேரம் சண்டை ஓடும். காரணகாரியம் பற்றி நான் நடத்திய எந்த விரிவுரையும் இந்தச் சண்டைக்குப் பக்கத்தில் வராது.

இதில் ஏஐக்கு என்ன வேலை?

சாட்சி வேலை. ஆலை முதலாளி, காப்பகக் கண்காணிப்பாளர், விதவையின் மகன், கெட்ட காற்றைச் சத்தியம் செய்யும் மருத்துவர் என்று ஆளுக்கொரு பாத்திரம். முன்பெல்லாம் இந்தச் சாட்சியங்களைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பேன். காகிதத்தில் ஒரு குறை, எப்படிக் கேட்டாலும் ஒரே பதில். கேள்வி மோசமாக இருந்தால் பதிலும் மோசமாக வரும் என்பதைக் காகிதம் காட்டாது.

ஒருமுறை இரண்டு அணிகளின் பேட்டியை அருகருகே திரையில் போட்டேன். முதல் அணி ஆலை முதலாளியிடம் கேட்டது:

'உங்கள் ஆட்கள் பம்புத் தண்ணீரைக் குடிக்காததால்தானே தப்பித்தார்கள்?'
'ஆமாம், அப்படித்தான் இருக்கும்.'

இரண்டாவது அணி:

'வேலை நேரத்தில் தாகம் எடுத்தால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?'
'பீர்தான். தினமும் அளந்து கொடுத்துவிடுகிறோமே. தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. வேண்டுமென்றால் உள்ளேயே ஆழக் கிணறு இருக்கிறது.'

முதல் அணிக்குக் கிடைத்தது அவர்கள் வாயில் இருந்த பதிலேதான், எதிராளியின் குரலில். நேர்காணல் முடிந்தது, ஒரு நாள் போனது, கிணறு பற்றி எதுவும் தெரியாது. வழிநடத்தும் கேள்வி கேட்கக்கூடாது என்று அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் சொல்ல வேண்டி வரவில்லை.

சாட்பாட்களுக்கு எதிராளி விரும்புவதைச் சொல்லும் குணம் இயல்பாகவே உண்டு. வேறு இடங்களில் தலைவலியாக இருக்கும் அந்தக் குணம் இங்கே பாடமாகிவிடுகிறது. இதைச் சொல்லும்போது ஹான்ஸ் என்ற ஜெர்மன் குதிரையின் கதையையும் சேர்த்துக்கொள்வேன். கணக்குப் போடும் குதிரை என்று பெயரெடுத்தது அது, விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் குதிரையின் கண்ணில் படாதபோதும் கணக்கு தப்பிப்போனது. கேட்பவரின் தலை லேசாக அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்தது. 'உங்கள் ஏஐ சாட்சிக்கு முன்னால் நீங்கள் தலையை அசைக்கிறீர்களா' என்பது இப்போது எங்கள் வகுப்பின் வழக்குச் சொல்.

பாத்திரத்துக்கான ப்ராம்ப்டை, அதாவது ஏஐக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலை, எப்படி எழுதுவது?

என் முதல் தவறிலிருந்து சொல்கிறேன். முழுக் கதையையும் கொடுத்து 'நீ ஆலை முதலாளி' என்று மட்டும் எழுதினேன். ஒரு மாணவர் வணக்கம் சொன்னார், அவ்வளவுதான். 1854இன் ஆலை முதலாளி கிணறு, பம்பு, நுண்ணுயிர் எல்லாவற்றையும் விளக்கி, 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று முடித்தார்.

பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்பதைவிட என்ன தெரியாது என்பதை நீளமாக எழுத வேண்டும். இப்போது என் ப்ராம்ப்ட் ஏறக்குறைய இப்படிப் போகும்: 'நீ ஒரு மதுவடிப்பாலையின் உரிமையாளர். உன் தொழிலாளர்கள் யாரும் இந்த நோயில் சாகவில்லை என்பது தெரியும், ஏன் என்று தெரியாது. அதைப் பற்றி நீ யோசித்ததும் இல்லை. அவர்கள் என்ன குடிக்கிறார்கள், எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நேராகக் கேட்டால் மட்டும் சொல். ஆமாம் இல்லை என்று முடியும் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல். நோய்க்குக் காரணம் கேட்டால், நாற்றம்தான் என்று ஊரார் சொல்வதைச் சொல். இந்தக் குறிப்பில் இல்லாத எண் எதையும் சொல்லாதே, கணக்குப் பிள்ளைக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிடு. யாருக்கும் உதவ முன்வராதே.' கடைசி வரி முக்கியம். உதவி செய்யத் துடிக்கும் சாட்சி விளையாட்டைக் கெடுத்துவிடுவார்.

முழு உண்மையையும் எந்தப் பாத்திரத்திடமும் வைக்காதீர்கள். எவ்வளவு கட்டிப்போட்டாலும் விடாப்பிடியான மாணவர் ஒருவர் அதைக் கறந்துவிடுவார். பாத்திரத்துக்கே தெரியாததைக் கறக்க முடியாது.

ஏஐ கதைவிடுமே, அதற்கு என்ன செய்வது?

விடும். எண்ணை மாற்றும், இல்லாத ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு, ஆண்டு, பக்க எண்ணோடு மேற்கோள் கொடுக்கும். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவன வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் வைத்தார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை என்று தெரிந்து நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டுப் பத்து மேற்கோள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பேன், சில நிஜம், சில ஏஐ புனைந்தது. எத்தனை பொய் என்று சொல்ல மாட்டேன். நூலகத் தேடல், டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாள எண்), இதழின் சொந்தத் தளம் என்று எதை வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதை எழுத வேண்டும். சில சமயம் மேற்கோள் நிஜமாக இருக்கும், ஆனால் அந்தக் கட்டுரை சொல்வது வேறாக இருக்கும். அந்தப் பொறியில் நல்ல மாணவர்கள்கூட விழுவார்கள்.

ஏஐ பாத்திரத்தின் பேட்டியை நிஜ ஆய்வில் தரவாகப் பயன்படுத்தலாமா?

கூடாது. கேள்வி கேட்கப் பழகுவதற்கு அது நல்ல பொம்மை, மனிதர்களைப் பற்றி அது சாட்சி சொல்ல முடியாது. மறுபக்கமும் உண்டு: மாணவர்கள் எடுத்த நிஜப் பேட்டிகளைப் பெயரோடு பொது ஏஐயில் ஒட்டிச் சுருக்கச் சொல்லக்கூடாது. பேட்டி கொடுத்தவர் அதற்குச் சம்மதிக்கவில்லை.

புள்ளியியலுக்கு இது ஒத்துவருமா?

எனக்குப் பிடித்த ஆட்டமே இதில்தான் இருக்கிறது. தேநீரில் பால் முதலில் ஊற்றப்பட்டதா பின்னால் ஊற்றப்பட்டதா என்று ருசித்தே சொல்வேன் என்றார் ஒரு பெண்மணி. அதைச் சோதிக்க எட்டுக் கோப்பை, வகைக்கு நான்கு என்று புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் அமைத்த சோதனை 1935இல் வந்த அவருடைய நூல் வழியாகப் புகழ்பெற்றது. அதையே நான் வேறு சரக்கில் செய்கிறேன். எந்த வகுப்பிலும் 'ஏஐ எழுதியதைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்' என்று ஒருவர் சொல்வார். சரி, வாருங்கள் முன்னால். எட்டுப் பத்திகள், நான்கு மனிதர் எழுதியவை, நான்கு ஏஐ எழுதியவை, குலுக்கிய வரிசையில். ஏஐ எழுதிய நான்கைப் பொறுக்க வேண்டும்.

அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே வகுப்பு கணக்குப் போடும். எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழி, அதில் ஒன்றுதான் முழுக்கச் சரி. ஆக ஒன்றும் தெரியாதவர்கூட வெறும் அதிர்ஷ்டத்தில் நான்கையும் சரியாகச் சொல்ல 70இல் 1 வாய்ப்பு, நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. மூன்று சரியாகச் சொன்னால்? கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்றோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்தில் வர 70இல் 17, கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. மூன்று சரியாகச் சொன்ன மாணவர் 'நான் ஜெயித்துவிட்டேன்' என்பார், வகுப்பு 'இல்லை' என்னும், பி-மதிப்பு (வெறும் அதிர்ஷ்டத்திலேயே இந்த அளவோ இதற்கு மேலோ வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) என்ற சொல்லை நான் அப்போதுதான் பலகையில் எழுதுவேன். எந்த எண் வந்தால் நம்புவது என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும் என்பதும் அந்தச் சண்டையிலேயே புரிந்துவிடும்.

இணையமே சரியில்லாத இடத்தில்?

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட 2, 4, 6 புதிர் போதும். மூன்று எண்களை எழுதி, 'இது ஒரு விதிக்கு உட்பட்டது, நீங்கள் வேறு எண்களைச் சொல்லிச் சோதித்து விதியைக் கண்டுபிடியுங்கள்' என்று சொல்லுங்கள். 8, 10, 12 என்பார்கள், உட்படும். 20, 22, 24 என்பார்கள், உட்படும். இரண்டு இரண்டாகக் கூடுகிறது என்று அடித்துச் சொல்வார்கள், தவறு. விதி வெறும் ஏறுவரிசை. தன் ஊகம் உடையுமா என்று பார்க்க 1, 2, 9 என்று கேட்டவர் மட்டும் தப்பிப்பார்.

மதிப்பெண் எதற்கு?

'முடிவு ஏடு' என்று ஒன்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று வரி: அப்போது எங்களுக்குத் தெரிந்தது என்ன, என்ன செய்தோம், எது தெரியவந்திருந்தால் மனம் மாறியிருப்போம். மதிப்பெண் முழுக்க இதற்குத்தான். பம்பைக் கண்டுபிடிக்காத அணி முதல் மதிப்பெண் வாங்கியதும் உண்டு. மூன்றாவது வரியில்தான் ஆட்கள் திணறுவார்கள், 'எதுவும் மாற்றியிருக்காது' என்று எழுதியவருக்குச் சுழியம். மதிப்பெண் போடுவதை ஏஐயிடம் விடுவதில்லை, எழுத்து சரளமாக இருந்தால் அது மயங்கிவிடுகிறது.

ஏட்டையே ஏஐயிடம் எழுதி வாங்கிவந்தால்?

இரண்டு நிமிடம் நேரில் பேசுவேன். 'நான்காம் நாள் ஏன் காப்பகத்துக்குப் போகவில்லை?' விளையாடியவருக்குப் பதில் வாயிலேயே இருக்கும்.

தமிழில் ஓடுமா?

ஓடும், கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாப் பாத்திரமும் மேடைத் தமிழில் பேசும், கூலித் தொழிலாளி 'தாங்கள் வினவியமைக்கு நன்றி' என்பார். ப்ராம்ப்டில் பேசும் மாதிரி இரண்டு மூன்று வரி எழுதிக் காட்டினால் திருந்தும். கலைச்சொல்லில் இன்னொரு தொல்லை, ஒரே கருத்தை ஒரு வரியில் ஏற்புடைமை என்றும் அடுத்த வரியில் செல்லுந்தன்மை என்றும் சொல்லும், மாணவர் இரண்டையும் வெவ்வேறு என்று எடுத்துக்கொள்வார். நீங்கள் பயன்படுத்தும் சொற்களை முதலிலேயே பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள்.

ஆய்வு நெறிமுறையையும் விளையாட்டாக்கலாமா?

இங்கே நான் கை நடுங்குகிறவன். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயோடு இருந்த கறுப்பின ஆண்களை, பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை கொடுக்காமல் வெறுமே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர்களை ஏஐ பாத்திரமாக்கிப் பேட்டி எடுக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மாணவர்களை நெறிமுறைக் குழுவில் உட்கார வைப்பேன். அந்த ஆய்வின் விண்ணப்பம் அடையாளம் தெரியாத, நாகரிகமான மொழியில் மேசைக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஓரிரு குழுக்கள் 'சிறு திருத்தங்களுடன் அனுமதி' என்று கையெழுத்துப் போட்டுவிடும். அது எது என்று பிறகுதான் சொல்வேன். அந்த வகுப்புக்குப் பாயிண்ட் எதுவும் கிடையாது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

எட்டுப் பத்தி ஆட்டத்திலிருந்து. ஒரு மணி நேரம், எட்டுத் தாள், ஏஐ தேவைப்படுவது முந்தின நாள் உங்களுக்கு மட்டும். எல்லாப் பத்தியும் ஒரே நீளத்தில், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்கட்டும், இல்லையென்றால் நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். வரிசையை நீங்களே போடாதீர்கள், சீட்டுக் குலுக்குங்கள். தாளைக் கொடுப்பவருக்கும் விடை தெரியக்கூடாது, வேறு ஒருவரிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். ஹான்ஸ் ஞாபகம் இருக்கிறதல்லவா.